டிஸ்க்கில் அடங்காத விரல்கள்

கல்யாண வீடியோ தொகுக்கும் இந்த மேசைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பெரிய டிவியில் போட்டால் டிஸ்க் ஏன் மங்கலாகத் தெரிகிறது? பதில் சுவரில் ஒட்டியிருக்கிறது, ஒட்டியவள் நான்தான். முழு எச்.டி. படத்தில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080. சாதாரண டிவிடியில் 720, 576. பெருக்கிப் பார்த்தால், ஐந்து புள்ளிகள் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சும். நாற்பது அங்குல டிவி அந்த ஒன்றை இழுத்து ஐந்தாகக் காட்டப் பார்க்கும். இல்லாததை அது எங்கிருந்து கொண்டுவரும்?

இதைக் கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம் போதும். இதை யாரிடம், எப்போது சொல்லக் கூடாது என்று கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அடுத்த மாதம் நான் இந்த மேசையை விட்டுப் போகிறேன். ஓய்வு பெறும் வயதில்லை; ஒரு கல்லூரியில் படத்தொகுப்பு சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை இறக்குகிறவர், அம்மா ஓட்டலில் மாவு அரைக்கிறவர். அவர்களுடைய மகள் கல்லூரியில் பாடம் எடுக்கப் போகிறாள் என்பதை நான் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். போவதற்கு முன்னால் அந்த ஒரு வாரத்தை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

நான் இங்கே சேர்ந்த இரண்டாவது வருடம். கேமராக்கள் எல்லாம் எச்.டி.க்கு மாறியிருந்தன, வீடுகளில் பெரிய டிவி வந்திருந்தது, ஆனால் கல்யாண வீட்டார் கையில் கொடுப்பது மட்டும் டிவிடியாகவே இருந்தது. ஸ்ரீவராகத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் பெயர் சுபா. அவளுடைய அப்பா, அம்மா இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் கோப்புகளுக்கு பைண்டிங் செய்து ஓய்வு பெற்றவர். காலையில் தாலி கட்டு முடிந்ததும் மண்டபப் படியில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மாலை வரவேற்பை நிறுத்தக் கூடாது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே கையால் உத்தரவு போட்டிருக்கிறார். சுபாவின் அம்மா, நான் மாமி என்று கூப்பிடுகிறவர், அவரோடு தங்கிவிட்டார். கொல்லத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்திருந்த அவருடைய நண்பர்கள், எல்லோரும் காது கேளாதவர்கள், மாலையில் மேடையேறி மணமக்களை வாழ்த்திவிட்டு, ஒவ்வொருவராக எங்கள் கேமராவைப் பார்த்து அவருக்கு ஏதோ சைகையில் சொல்லிவிட்டுப் போனார்கள். பதினான்கு பேர்.

தொகுப்பு என் கையில் வந்தது. அந்தப் பகுதியைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இங்கே சத்தமே இல்லை, பார்க்கிறவர்களுக்கு அலுப்புத் தட்டும். ஒரு நல்ல வீணை இசையை எடுத்துப் போட்டேன். கை அசைவுகள் அழகாக இருக்கட்டும் என்று வேகத்தைக் குறைத்தேன். நடுநடுவே பந்தியில் பரிமாறும் பாயசம், மணப்பெண்ணின் ஜிமிக்கி, மேடைப் பூக்கள். பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

டிஸ்க் கொடுத்து நான்காம் நாள் சுபாவும் மாமியும் கடைக்கு வந்தார்கள்.

"கோபிச்சுக்க வரலை," என்றாள் சுபா. "பாட்டு போட்டேள், சரி, அது அப்பா அம்மாவுக்குக் கேக்கப் போறதில்லை. ஆனா ஒருத்தர் பேசிண்டிருக்கறச்சே நடுவுல வெட்டிட்டுப் பாயசத்தைக் காட்டியிருக்கேளே, அதாக்கும் சங்கடம். அப்பறம் அந்தக் கொல்லத்து மாமா ஒரு வார்த்தை சொல்ல அரை நிமிஷம் எடுக்கறார். 'அவன் குடிச்சிருக்கானா?'ன்னு அப்பா கேக்கறார்."

மாமி என்னைப் பார்த்து, கண்ணைப் பாதி மூடி, கையைத் தள்ளாடவிட்டுக் குடிகாரன் போலக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே முகம் சூடேறியது. பதினான்கு பேர் பேசியிருக்கிறார்கள், நான் அவர்கள் பேச்சை நடனம் என்று நினைத்து வெட்டித் தைத்திருக்கிறேன்.

அன்றே எல்லா வெட்டுகளையும் எடுத்தேன், வேகத்தைச் சரிசெய்தேன், புது டிஸ்க் கொடுத்தேன். முடிந்தது என்று நினைத்தேன். ஒரு நாள் விட்டு மறுபடி வந்தார்கள். இப்போது சுபாவின் முகத்தில் வேடிக்கை இல்லை.

"விரல் தெரியலை," என்றாள். "கை அசையறது தெரியறது. விரல் எல்லாம் ஒட்டிண்டு ஒரே உருண்டையா இருக்கு."

இதற்காகத்தானே நான் படித்திருக்கிறேன். எழுந்து சுவரருகே போய், விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினேன். மாமிக்காக ஒரு தாளில் 1920, 720 என்று எழுதிக் கோடு போட்டும் காட்டினேன். "இது எங்க தப்பு இல்ல மேடம். டிவிடியோட எல்லையே அவ்வளவுதான். ப்ளூ-ரே பிளேயர் வாங்கினா முழுசாத் தரலாம்."

"அதுக்கெல்லாம் நேரமில்லை. நாளைக்குச் சாயங்காலம் எனக்கு வண்டி, அவரோட புனே போறேன். பென் டிரைவ்ல தந்தா?"

"உங்க டிவியில பென் டிரைவ் போட்டா என்ன ஓடுது?"

"போட்டோ மட்டும் காட்டும். என் லேப்டாப்லயும் பாத்தாச்சு, படம் விக்கி விக்கி நிக்கறது. ஒரு விக்கல்ல நாலு வார்த்தை போயிடும்."

"அப்போ டிஸ்க்ல இவ்வளவுதான் வரும்," என்றேன்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மாமி நான் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்தார், மடித்தார், பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த மடிப்பை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பாவுக்குப் படித்துச் சொல்ல நான் அலுவலக ஜன்னல்களுக்குக் கூடப் போவேன். உள்ளே இருப்பவர் ஒரு விதியைச் சொல்வார். விதி சரியாகத்தான் இருக்கும். அப்பா தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வா புள்ள" என்பார். நான் இப்போது ஜன்னலின் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று பார்த்தேன்.

எங்கள் முதலாளியை எல்லோரும் சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம். மலையாளம் கலந்துதான் தமிழ் பேசுவார். அவர் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"எடி செல்வி, அவங்க இங்க கணக்குப் படிக்கவா வந்திருக்காங்க? அந்த சார்ட்டை ஒண்ணு விட்டுக்கள. என்ன வேணும்னு மொதல்ல கேளு."

"விரல் தெரியணுமாம், சேட்டா."

"யாரோட விரல்?"

அது நான் கேட்காத கேள்வி. சுபா அம்மாவைப் பார்த்தாள். மாமி சரியென்று தலையசைத்த பிறகுதான் சொன்னாள்.

பதினான்கு பேரில் ஒருவர் நாகர்கோவில்காரர். சுபாவின் அப்பாவும் அவரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. காது கேளாதோர் சங்கத்துப் பதவி ஒன்றில் தொடங்கிய வாக்குவாதம். "எங்காத்துல சண்டைன்னா குரல் ஒசராது," என்றாள் சுபா. "அவர் சொல்லிண்டே இருந்தார், அப்பா பட்டுனு கண்ணை மூடிண்டுட்டார். அவ்வளவுதான். கண்ணை மூடினா மூஞ்சியில கதவைச் சாத்தறாப்பல. அவர் எழுந்து போனவர்தான்."

அவர் கல்யாணத்துக்கு வந்தார். மேடையில் ஏறினார். கேமராவைப் பார்த்து ஏதோ சொன்னார். சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். என்ன சொன்னார் என்று யாரும் கவனிக்கவில்லை. சுபா அப்போது மாப்பிள்ளை வீட்டாரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அவருக்கே ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டுடலாமே?" என்றேன்.

சுபா அதைக் கையால் அம்மாவிடம் சொன்னாள். மாமி வேகமாகப் பதில் சொன்னார்.

"கேட்டா, இந்தத் தடவையும் பாக்கலைன்னு ஆயிடுமாம்."

"அப்போ இங்க என் மானிட்டர்ல மாமி பார்க்கட்டும். ஒரிஜினல்ல விரல் தெளிவாவே இருக்கு. பார்த்துட்டு வீட்ல போய்ச் சொல்லட்டும்."

சுபா இதையும் கையால் சொன்னாள். பதிலைச் சொல்ல மாமி அவளை எதிர்பார்க்கவில்லை. பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, தமிழில் அவரே எழுதிக் காட்டினார்: 'நான் போய்ச் சொன்னால் அது என் கை சொன்னது.'

நான் உட்கார்ந்தேன். சுவரில் இருந்த அதே எண்களைத் திரும்பப் பார்த்தேன். டிஸ்க்கில் 720, 576-க்கு மேல் போகாது. அது மாறாது. ஆனால் எதை அதற்குள் வைப்பது என்று அந்த எண்கள் சொல்லவில்லை. நான் முழு மேடையையும், பூ வளைவையும், மணமக்களையும், பின்னால் தொங்கிய திரைச்சீலையையும் சேர்த்துச் சுருக்கி உள்ளே திணித்திருந்தேன். அதற்குப் பதில் பெரிய படத்திலிருந்து டிஸ்க் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டினால்? பேசுகிறவரைச் சுற்றி மட்டும். ஒரு புள்ளிகூடச் சுருங்காமல் அப்படியே உள்ளே உட்காரும். மற்றதெல்லாம் போகும்.

முதல் ஆளுக்குச் செய்து காட்டினேன். மாமி திரையருகே குனிந்தார். ஐந்து விரலும் தனித்தனியாக நின்றன.

"என்னைக் காணோமே," என்றாள் சுபா. "நான்தானே கல்யாணப் பொண்ணு? என் கல்யாணத்துலேந்து என்னையே வெட்டியாச்சா?"

மாமி அவள் தலையில் லேசாகத் தட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அப்போது எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. விரல்தானே வேண்டும் என்று இரண்டாவது ஆளுக்குக் கைகளை மட்டும் நெருக்கி வெட்டினேன். கழுத்துக்கு மேல் இல்லை. மாமி மேசையைத் தட்டினார், இல்லை என்று தலையாட்டினார். தன் முகத்தைச் சுட்டினார். பிறகு ஒரே சைகையை இரண்டு தடவை செய்தார். முதல் தடவை புருவம் உயர்ந்திருந்தது, இரண்டாவது தடவை முகம் அசையவில்லை.

"மொதல்ல பண்ணினது, 'சாப்பிட்டியா?' ரெண்டாவது, 'சாப்பிட்டாச்சு,'" என்றாள் சுபா. "மூஞ்சி இல்லைன்னா கேள்வியும் பதிலும் ஒண்ணாயிடும்."

அதிலிருந்து மாமி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொருவராக எடுத்தோம். ஜன்னல் சரியாக இருந்தால் அசையாமல் இருப்பார். தவறினால் மேசையில் ஒரு தட்டு. ஒருவர் வயிற்றுக்குக் கீழே கையைக் கொண்டுபோவார், அவருக்கு ஜன்னல் இறங்க வேண்டும். இன்னொருவர் பேசும்போது பக்கத்தில் இருப்பவரைத் தொட்டுப் பேசுவார், அவருக்கு அகலம் வேண்டும். என்னுடைய ஜன்னல்கள் எல்லாம் ஒரே அளவில் ஒழுங்காக இருந்தன. அவர் சொன்னவை ஆளுக்கு ஆள் மாறின. இரண்டு மணி நேரத்தில் நான் கேட்காமலே கணிக்கத் தொடங்கினேன், தட்டுகள் குறைந்தன. எத்தனையோ கல்யாண வீட்டார் இந்த நாற்காலியில் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்திருக்கிறார்கள். இவ்வளவு கூர்மையாகப் படம் பார்க்கிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை; பிறகும் பார்க்கவில்லை.

பதிமூன்று பேர் முடிந்தார்கள். பதினான்காமவர் திரையில் வந்ததும் சுபா, "இவர்தான்," என்றாள்.

மாமி எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கித் திருப்பி, திரைக்கு முதுகு காட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். சுபாவின் கையைப் பிடித்து அவளையும் திருப்பினார்.

"மாமி, இதுதானே முக்கியம்," என்றேன் நான், அவருக்குக் கேட்காது என்பதை மறந்து.

சுபா திரும்பாமலே சொன்னாள்: "இது அப்பாவுக்குச் சொன்னது. எங்களுக்கு இல்லை. நீங்களே பண்ணுங்கோ."

சைகை மொழியில் ஒரு வார்த்தை தெரியாதவள் நான் ஒருத்திதான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பாக வெட்டினால் தட்டிச் சொல்ல ஆளில்லை. நாளைக்கு மகள் ஊருக்குப் போய்விடுவாள். இது சரியில்லை என்று மறுபடி வந்து சொல்லவும் அந்த வீட்டில் குரல் இருக்காது.

அந்த மனிதர் மற்றவர்களைப் போல முன்னால் வரவில்லை. மேடையின் பின் ஓரத்தில், பூத்தூண் பக்கத்தில் நின்றுகொண்டே சொல்லியிருந்தார். அதனால் மற்ற பதிமூன்று பேரைவிடச் சிறியதாகத் தெரிந்தார். அவரை இழுத்து மற்றவர்கள் அளவுக்குப் பெரிதாக்கினேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் ஒரே உயரம். ஆனால் விரல் ஓரங்கள் நெய் உருகுவது போலக் கரைந்திருந்தன. இன்னொன்றும் கவனித்தேன். கடைசியில் அவர் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி ஏதோ சொல்கிறார். நான் பெரிதாக்கிய ஜன்னலில் அந்தக் கை மணிக்கட்டோடு வெளியே போயிற்று.

அது ஒரு வார்த்தையா, அல்லது பேசி முடித்துக் கையைக் கீழே விடுகிறாரா? எனக்குத் தெரியாது. தெரியாதபோது வெட்டும் உரிமை எனக்கு இல்லை என்று முடிவு செய்தேன். அவரை அவருடைய அளவிலேயே விட்டேன். மற்றவர்களைவிடச் சிறியவராக, ஆனால் விரல் நுனிவரை முழுசாக. தொகுப்பு என்று பார்த்தால் அது ஒழுங்கற்ற வெட்டு. எந்தத் தேர்விலும் மதிப்பெண் குறைப்பார்கள். கையசைவு வேகத்தில் படம் கட்டம் கட்டமாக உடையாமல் இருக்க, கல்யாணத்தை வேறு டிஸ்க்குக்கு மாற்றி, இந்தப் பதினான்கு பேருக்கும் ஒரு முழு டிஸ்க்கைக் கொடுத்தேன்.

"முடிஞ்சது," என்றேன். சுபா அம்மாவின் தோளைத் தொட்டாள். மாமி திரும்பி, திரை அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, டிஸ்க்கை வாங்கிக்கொண்டார். சரியாக வந்ததா என்று கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் என்னைப் பார்த்திருந்தவர், கேட்க வேண்டியதில்லை என்று நினைத்திருக்க வேண்டும். கல்லூரியில் எனக்குக் கொடுத்த சான்றிதழை அப்பா கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். மாமி கேட்காமல் போனதையும் நான் அதன் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன்.

ஆறாம் நாள் புனேயிலிருந்து சுபா போன் செய்தாள்.

"செல்வி, நீங்க ஆத்துக்கு ஒரு நடை வரணும், கேமராவோட. அப்பா அந்த டிஸ்க்கைப் பாத்துண்டே இருக்காராம். இப்போ பதில் சொல்லணுமாம்."

"விரல் எல்லாம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சதாலதானே வம்பு. அவர் ஏதோ சொல்லியிருக்கார், அப்பாவுக்குக் கோபம்னா கோபம். அம்மா மெசேஜ்ல எழுதியிருக்கா: 'ஆறு வருஷத்துக்கும் சேத்துத் திட்டப் போறார்.'"

"அப்போ சண்டை தீரலையா?"

"திட்டறதும் பேசறதுதானே, செல்வி. கண்ணைத் தொறந்துண்டு திட்டப் போறார், அது போதும். நாகர்கோவில்லயும் டிவிடி பிளேயர்தானாம், பாத்துக்கோங்கோ."

சேட்டனிடம் கேட்டேன். "பின்னே? போயிட்டு வா," என்றார்.

ஸ்ரீவராகத்து வீட்டின் முன்னறையில் கட்டிலைப் போட்டிருந்தார்கள். சுபாவின் அப்பாவைத் தலையணைகளில் சாய்த்து உட்காரவைத்தோம். வெளிச்சம் முகத்தில் விழும்படி கட்டிலைக் கொஞ்சம் திருப்ப மாமி உதவினார். அறையின் எதிர் மூலையில் கேமராவை வைத்தால் நன்றாக இருக்கும்; சுவர்ப் படங்கள், ஜன்னல், எல்லாம் சேர்ந்து அழகான காட்சி கிடைக்கும். நான் கேமராவை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தேன். நெற்றியிலிருந்து மடிவரை. இரண்டு முழங்கைக்கும் வெளியே ஒரு முழம் இடம். பின்னால் வெறும் சுவர். கைகளை முழுக்க நீட்டிக் காட்டச் சொல்லிச் சைகை செய்தேன். நீட்டினார். விரல் நுனி படத்தின் விளிம்பைத் தொடவில்லை. இருந்தும் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

மாமி என்னைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். பிறகு அடுக்களைக்குப் போய்விட்டார்.

சுபாவின் அப்பா ஏழெட்டு நிமிடம் பேசினார். தொடக்கத்தில் கோபம்தான், அதற்கு மொழி தெரிய வேண்டாம். நடுவில் ஒரு இடத்தில் சிரித்தார். ஓரிடத்தில் கைகள் மார்பருகே நின்று, தொடர வேண்டுமா என்று யோசித்து, தொடர்ந்தன. ஒரு தடவைகூடக் கண்ணை மூடவில்லை. நான் கேமராவின் திரையில் விளிம்புகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்: இடது விளிம்பு, வலது விளிம்பு, மேலே, கீழே.

முடித்ததும் கைகளை மடியில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அறையில் எங்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை, சொல்லித்தர சுபாவும் இல்லை. அவர் இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் காற்றில் ஒரு பெட்டி வரைந்தார். தன் கைகளை அந்தப் பெட்டிக்குள் வைப்பது போலக் காட்டினார். புருவங்களை உயர்த்தினார்.

எல்லாம் உள்ளே வந்ததா என்று கேட்டார்.

நான் பதிவை முதலிலிருந்து ஓடவிட்டு, கேமராவின் சின்னத் திரையில் விளிம்புகளைக் கடைசிவரை பார்த்தேன். அவர் காத்திருந்தார். பிறகுதான் தலையாட்டினேன்.